வறண்ட தோட்டத்து யூக்கா: அறிகுறியைக் கண்டு பிழை நீக்கும் வழிமுறை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வளவுகளில் யூக்கா என்ற அழகுச்செடி வாடத் தொடங்கினால், தண்ணீர் போதவில்லை என்றே வீட்டார் முதலில் நினைக்கிறார்கள். இலை மஞ்சளானதும் வாளி வாளியாக ஊற்றுகிறார்கள். செடி இன்னும் விரைவாகச் சாகிறது. இதே பிழையைப் பல முற்றங்களில் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருந்ததால், அறிகுறி வாரியாக இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

மெக்சிக்கோ, குவாத்தமாலா, அமெரிக்காவின் தென்பகுதி ஆகிய இடங்களுக்குரிய இந்தச் செடிக்கு எங்கள் சித்திரை வெயிலோ, ஆனி ஆடியில் வீசும் கச்சான் காற்றோ பெரிய சோதனையாக இருப்பதில்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ப்பதும், அந்த நீர் வேரைச் சுற்றி நிற்பதும், ஆவணி புரட்டாதியில் கிணறு சவர்த்துப்போவதுமே அதைக் கொல்லுகின்றன. அதனால் இலை மஞ்சளாவதை மட்டும் பார்த்து முடிவுசெய்ய முடியாது. ஆவணியில் அதற்கு ஒரு காரணம், மார்கழியில் வேறொரு காரணம். எந்த மாதம், எந்த மண் என்ற இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டே கீழுள்ளவற்றை வாசிக்கவும்.

இங்கே கூடுதலாக விற்கப்படுவது இலைநுனி மென்மையாக உள்ள யூக்கா ஜைஜான்டியா. இலைநுனி ஊசியாகக் குத்தும் யூக்கா அலோய்போலியாவும் சில வளவுகளில் உண்டு. பின்னது கடலோர மணற்குன்றுகளில் இயல்பாக வளர்வதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். உங்களிடம் உள்ளது எது என்று நுனியைத் தொட்டுப் பார்த்தே ஓரளவுக்கு அறியலாம்.

எதையும் செய்யும் முன் மூன்று சோதனைகள்

முதலாவது, நடுக்குருத்தைப் பிடித்து மெதுவாக மேலே இழுக்கவும். அது அசையாமல் இருந்தால் செடியின் உயிர் பத்திரமாக இருக்கிறது. கையோடு கழன்று வந்தால் நேரே மூன்றாம் அறிகுறிக்குப் போகவும்.

இரண்டாவது, தண்டை மண்மட்டத்திலிருந்து மேல்நோக்கி, விரலால் அழுத்திக்கொண்டே வரவும். நல்ல தண்டு மரம்போல் கடினமாக இருக்கும். விரல் எங்கே உள்ளே அமிழ்கிறதோ அங்கே அழுகல் இருக்கிறது.

மூன்றாவது, நன்றாகக் காய்ந்த ஈர்க்கில் ஒன்றை அரை அடி ஆழத்துக்கு மண்ணில் செருகி, சிறிது நேரம் விட்டு எடுக்கவும். ஈர்க்கிலில் மண் ஒட்டிக்கொண்டோ, அது தொட்டால் குளிர்ச்சியாகவோ வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மேல்மண் எவ்வளவு காய்ந்திருந்தாலும் அன்று தண்ணீர் ஊற்றக்கூடாது. கடற்கரை மணலில் ஈர்க்கில் சில வேளைகளில் ஏமாற்றும். அங்கே கையாலேயே தோண்டி, அரை அடி ஆழத்து மணலைப் பிடித்து உருட்டிப் பார்ப்பது நல்லது.

அறிகுறி 1: அடியிலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன

*அடியில் உள்ள சில இலைகள் மட்டும் ஒவ்வொன்றாகக் காய்கின்றன. குருத்து பச்சையாகவும் உறுதியாகவும் இருக்கிறது.* இது முதிர்ந்த இலை உதிர்வது, செய்யவேண்டியது எதுவுமில்லை. முற்றாகக் காய்ந்தவற்றை மட்டும் கீழ்நோக்கி இழுத்து அகற்றவும். பாதி பச்சையாக உள்ளதைப் பிய்த்தால் தண்டில் காயம் உண்டாகும். மாரியில் அந்தக் காயத்தின் வழியே அழுகல் நுழையும்.

*புதிதாக நட்டது, நட்ட முதல் சில வாரங்களில் மஞ்சளாகிறது.* வேர் பிடிக்கும்வரை பழைய இலைகளைச் செடி கைவிடுவது வழக்கம். தண்டு கடினமாக இருந்தால் பொறுத்திருக்கவும். பசளை இடவேண்டாம்.

*ஈர்க்கில் ஈரமாக வருகிறது.* தண்ணீர் கூடிவிட்டது. உடனே நிறுத்தவும். நன்றாக வேர்பிடித்த செடிக்குக் கோடையில் மணல் நிலத்தில் 10 முதல் 14 நாட்களுக்கு ஒருமுறை ஆழமாக ஊற்றினால் போதும். களி கலந்த நிலத்தில் அதைவிட நீண்ட இடைவெளி விடலாம். ஐப்பசியில் மழை தொடங்கியது முதல் மாசி வரை நிலத்தில் உள்ள யூக்காவுக்கு ஒரு செம்புத் தண்ணீரும் தேவையில்லை. ஒவ்வொரு மாலையும் குழாயைப் பிடித்து எல்லாப் பூச்செடிகளுக்கும் அடிக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், யூக்காவை ரோசாவுக்கும் குரோட்டனுக்கும் நடுவில் நட்டிருப்பதே பெரும்பாலும் மூல காரணமாக இருக்கிறது.

*ஈர்க்கில் காய்ந்தே வருகிறது, ஊற்றியும் செடி தேறவில்லை.* இந்த நிலையைச் சற்று ஆறுதலாகப் பார்க்கவேண்டும், ஏனெனில் இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். கடையில் வாங்கும் கன்று பெரும்பாலும் தென்னந்தும்புத் தூளில் வளர்க்கப்பட்டிருக்கும். அதைப் பையைக் கிழித்து அப்படியே மணலில் இறக்கினால், தும்புத்தூள் கட்டி ஒரு முட்டியாக வேரைச் சுற்றி நின்றுவிடுகிறது. கோடையில் அந்தக் கட்டி ஒருமுறை முற்றாகக் காய்ந்துவிட்டால் ஊற்றும் தண்ணீரை அது ஏற்காது. நீர் அதன் வெளிப்புறமாக வழிந்து மணலுக்குள் போய்விடும். மாரியிலோ அதே கட்டி கசிந்த பஞ்சாக நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வேரை அழுகவிடும். செடியைக் கிளப்பிப் பார்த்தால் பழுப்பு நிறக் கட்டியும், அதற்கு வெளியே ஒரு வேர்கூட வராத நிலையும் தெரியும். கட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, விரலால் தும்பைக் கழற்றி, கறுத்துத் தொளதொளத்த வேர்களை வெட்டிவிட்டு, வெளிறிய உறுதியான வேர்களை விரித்து மறுபடி நடவும். புதிய கன்று வாங்கும்போதே இதைச் செய்துவிட்டால் பின்னர் கிளப்பவேண்டி வராது.

*செடி முழுவதும் வெளிறி, அடியிலையிலிருந்து மஞ்சள் மேலே ஏறுகிறது. மண் வெறும் மணல்.* இது பசி. கல்லடி முதல் களுவாஞ்சிக்குடி வரையும், அதற்குத் தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரையும் உள்ள கரையோர மணலில் சத்து நிற்பதில்லை. மாரி மழை இருப்பதையும் கழுவிக்கொண்டு போய்விடும். மழை ஓய்ந்த பிறகு, மாசி அளவில், நன்கு உக்கிய மாட்டெருவை ஒரு கூடையளவு தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிப் பரப்பி மண்ணோடு கிளறிவிடவும். யூரியா இட்டால் இலை பச்சையாகும். ஆனால் திசு மென்மையாகி அழுகலுக்கும் பூச்சிக்கும் இடம்கொடுக்கும்.

அறிகுறி 2: இலைநுனியும் ஓரமும் கருகுகின்றன

முதலில் செடியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்கவும். ஒரு பக்கத்து இலைகள் மட்டும் கருகியிருந்தால் காரணம் காற்றில் இருக்கிறது. எல்லாப் பக்கமும் சமமாகக் கருகியிருந்தால் காரணம் வேரில் இருக்கிறது.

*ஒரு பக்கம் மட்டும்.* மேற்குப் பக்கம் என்றால் அது கச்சானின் வேலை. கடலைப் பார்த்த பக்கம் என்றால் உப்புத் துமியின் வேலை. இரண்டும் அழகைக் கெடுக்குமே தவிரச் செடியைக் கொல்லாது. கருகிய நுனியைக் கத்தரிக்கோலால், இலையின் கூர் வடிவம் மாறாதபடி சாய்வாக வெட்டலாம். கடலோர வீடுகளில் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுவது போதும். அதைக் காலையில் செய்தால் குருத்துக்குள் நிற்கும் நீர் வெயில் ஏறக் காய்ந்துவிடும்.

*எல்லாப் பக்கமும், அண்மையில் பசளை இட்டிருக்கிறீர்கள்.* பசளை கூடிப்போனது. நல்ல தண்ணீரை ஒரே தடவையில் நிறையவும் மெதுவாகவும் ஊற்றிக் கழுவி இறக்கவும். பூச்சாடியானால் சாடி கொள்ளும் அளவைப்போல் மூன்று மடங்கு நீரை ஊற்றி, அடித்துளையால் முழுவதும் வடியவிடவும். தட்டில் தேங்குவதை ஊற்றிவிடவும்.

*எல்லாப் பக்கமும்; பசளை எதுவும் இடவில்லை.* கிணற்றைச் சந்தேகிக்கவும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணலில் நன்னீர், அடியில் உள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மழை ஓய்ந்து மாதங்கள் போகப்போக அந்தப் படை மெலிகிறது. அப்போது பம்ப் போட்டு ஒரே மூச்சில் இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலே ஏறிவிடும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் எவ்வளவு காலம் சவர்த்துக் கிடந்தன என்பதை இங்குள்ளவர்கள் அறிவார்கள். வாய்க்குச் சவர் தெரியாத அளவு உப்பும், ஊற்ற ஊற்ற மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் ருசியை மட்டும் நம்பக்கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஒரே அளவான இரண்டு கண்ணாடித் தட்டுகளைக் கழுவித் துடைத்து, ஒன்றில் கிணற்று நீரையும் மற்றதில் மழைநீரையும் ஒரு மேசைக்கரண்டி அளவு விட்டு வெயிலில் காயவைக்கவும். கிணற்றுநீர்த் தட்டில் தடித்த வெள்ளைப் படிவு எஞ்சினால் அந்த நீரில் உப்போ சுண்ணாம்போ கூடுதலாக இருக்கிறது. இந்தச் சோதனை அளவைச் சொல்லாது; ஆனால் சித்திரையில் ஒருமுறையும் புரட்டாதியில் ஒருமுறையும் செய்து பார்த்தால் கிணறு மாறுகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும்.

உப்பு என்று தெரிந்தால், செலவில்லாத வழி முதலில்: ஆவணி, புரட்டாதி மாதங்களில் யூக்காவுக்குத் தண்ணீர் ஊற்றுவதையே குறைத்துவிடவும். வேர்பிடித்த செடி அந்த இரண்டு மாதத்தையும் தாங்கும்; கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சவர்நீர் ஊற்றுவதை அது தாங்காது. அடுத்த வழி, பம்புக்குப் பதிலாக வாளியால் அள்ளுவது, அல்லது சிறிது நேரம் மட்டும் இறைத்துவிட்டுக் கிணற்றை ஊறவிடுவது. குழாய்நீர் உள்ள வீடுகள் அதைச் செடிக்குப் பயன்படுத்தலாம். கூரையிலிருந்து விழும் மழைநீரைத் தாங்கியில் பிடித்து வைப்பது செலவு கூடியது. ஆயினும் சாடிச் செடிகள் நிறைய வைத்திருப்பவர்களுக்கு அது பயன்தரும். இவ்வளவும் செய்த பிறகும் புதிய இலைகளும் கருகியே வந்தால், நீரையும் மண்ணையும் ஆய்வுகூடத்தில் பரிசோதிப்பிக்கவேண்டும். எங்கே கொடுப்பது என்பதை அருகிலுள்ள கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம்.

அறிகுறி 3: குருத்து வாடுகிறது, அல்லது தண்டு மெத்தென்று இருக்கிறது

இதுவே அவசரமானது. மற்ற எதற்கும் வாரக்கணக்கில் பொறுக்கலாம். இதற்கு ஒரு வாரமே கூடுதல். பெரும்பாலும் கார்த்திகைக்கும் தைக்கும் இடையில் வரும். எந்த இடம் மெத்தென்று இருக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

*அடி மெத்தென்று இருக்கிறது, மேலே கடினமாக இருக்கிறது.* அடியைக் காப்பாற்ற முயலவேண்டாம், தலையைக் காப்பாற்றவும். கூரான வாள் ஒன்றைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, மெத்தென்ற பகுதிக்கு அரை அடி மேலே குறுக்கே வெட்டவும். வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் உற்றுப் பார்க்கவும். நல்ல தண்டின் உட்புறம் பாலாடை நிறத்தில், ஈரக்கசிவோடு, மணமில்லாமல் இருக்கும். நடுவிலோ ஓரத்திலோ தேயிலைச் சாயம்போல் பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் அழுகல் அங்கேயும் ஏறிவிட்டது. வாளை மறுபடி துடைத்துவிட்டு இரண்டு மூன்று அங்குலம் மேலே வெட்டவும். முழு முகமும் ஒரே நிறமாக வரும்வரை இப்படியே செய்யவும். ஒரு சின்னப் பழுப்புப் புள்ளிதானே என்று விட்டுவிட்டு நட்டால் அந்தத் துண்டும் போய்விடும். வாளைத் துடைக்காமல் வெட்டிக்கொண்டே போனால் அழுகலை நீங்களே மேலே ஏற்றுகிறீர்கள்.

நல்ல துண்டின் அடியிலைகளை நீக்கி, மேலே ஒரு கொத்து மட்டும் விட்டு, மழை படாத நிழலான இடத்தில் ஐந்து முதல் ஏழு நாட்கள் படுக்க வைக்கவும். வெட்டுமுகம் காய்ந்து தோல்போல் கட்டவேண்டும். பிறகு ஆற்றுமணலும் உமிக்கரியும் சரிபாதியாகக் கலந்த சாடியில் நான்கு அங்குல ஆழத்துக்கு நட்டு, ஆடாதபடி ஒரு கம்போடு கட்டவும். கடல்மணலைப் பயன்படுத்தவேண்டாம். உமிக்கரி இந்தப் பக்கத்தில் கிடைக்காத பொருளல்ல; சம்மாந்துறை போன்ற நெல்விளையும் ஊர்களில் அரிசி ஆலைகளில் கேட்டுப் பார்க்கலாம். நட்டவுடன் ஊற்றாமல் ஒரு வாரம் விட்டு லேசாக நனைக்கவும். ஓரிரு மாதங்களில் வேர் விடும். மெதுவாக அசைத்துப் பார்க்கும்போது மண் பிடித்திழுத்தால் வேர் வந்துவிட்டது. பிடுங்கிப் பார்க்க வேண்டாம். மாரியில் வெட்ட நேர்ந்தால் சாடி தாழ்வாரத்தின் கீழ் இருக்கட்டும்.

*மேலே மெத்தென்று இருக்கிறது, அடி கடினமாக இருக்கிறது. குருத்து கையோடு வருகிறது, நாறுகிறது.* தென்னையில் குருத்தழுகல் கண்டவர்களுக்கு இந்த நாற்றம் பழக்கமானதாக இருக்கும். தென்னைக்கு உள்ளது ஒரே குருத்து; ஆனால் தண்டுள்ள யூக்கா வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து மறுபடி துளிர்க்கும். எனவே கடினமான, வெள்ளையான பகுதி வரும்வரை மேலிருந்து வெட்டி இறக்கவும். கடைசி வெட்டைச் சாய்வாகப் போடவும், அப்போதுதான் மழைநீர் அதன்மேல் நிற்காது. முடிந்தால் இரண்டு மூன்று நாள் மழை படாமல் ஒரு பொலித்தீனை உயர்த்திக் கட்டவும். வெட்டோடு ஒட்டக் கட்டினால் உள்ளே வியர்த்து அழுகும். பக்கத் துளிர் வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம்.

*இரண்டும் மெத்தென்று இருக்கின்றன.* செடியை வேரோடு அகற்றவும். கூட்டெருக் குழியில் போடவேண்டாம். செடி நின்ற குழியின் மண்ணை அள்ளி அப்புறப்படுத்தி, ஒரு கோடை முழுவதும் வெறுமையாகக் காயவிடவும். உடனே இன்னொரு யூக்காவை அதே குழியில் இறக்குவது வீண்செலவு.

*மெத்தென்ற இடத்தில் துளைகள் தெரிகின்றன, தும்பு கடித்துத் துப்பியதுபோல் வெளியே தள்ளியிருக்கிறது.* உள்ளே புழு இருக்கிறது. வெட்டித் திறந்து, புழுவையோ வண்டையோ மூடியுள்ள போத்தலில் போட்டு விவசாயப் போதனாசிரியரிடம் காட்டவும். எந்தப் பூச்சி என்று தெரியாமல் பீடைநாசினி வாங்கவேண்டாம். தண்டுக்குள் இருப்பதை மேலே தெளிக்கும் மருந்து எட்டாது. அடித்தண்டில் மண்பூச்சுப் போல ஏறியிருந்தால் அது கறையான். கறையான் செத்த திசுவையே முதலில் நாடும் என்பதால், மண்பூச்சைச் சுரண்டிவிட்டு அதன் அடியில் அழுகல் இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பதே முக்கியம்.

வெட்டும் வேலை எதற்கும் கண்ணாடி அணியவும். நுனி குத்தும் வகையில் குனிந்து வேலைசெய்யும்போது கண் முதலில் ஆபத்துக்குள்ளாகிறது. வெட்டிய இலையையும் தண்டையும் நாய், பூனை, ஆடு எட்டாத இடத்தில் போடவும். யூக்காவில் உள்ள சப்போனின் என்ற பொருள் அவற்றுக்கு வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கக்கூடும்.

அழுகல் திரும்பத் திரும்ப வந்தால்

அப்போது செடியை விட்டுவிட்டு நிலத்தைப் பார்க்கவேண்டும். ஓர் அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமுமாகக் குழி தோண்டி, நீர் நிரப்பி, வடியவிட்டு, மறுபடி நிரப்பவும். இரண்டாம் முறை ஊற்றியது நான்கு மணித்தியாலம் கழிந்தும் நின்றால் அது யூக்காவுக்கான இடமல்ல. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் வயலோர வளவுகளில் இது சாதாரணம்.

கரையோர மணலில் இந்தச் சோதனையில் நீர் சில நிமிடத்தில் மறைந்துவிடும். அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. மார்கழியில் கிணற்றை எட்டிப் பார்க்கவும். நீர்மட்டம் தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் வந்துவிட்டால், மேலே காய்ந்த மணல் தெரிந்தாலும் வேர் கீழே தண்ணீருக்குள் நிற்கிறது. மணல்தானே, வடிந்துவிடும் என்று நினைத்து நட்ட யூக்காக்கள் மாரிதோறும் அழுகுவதற்கு நான் கண்ட முதன்மையான காரணம் இதுதான். வடிய வேண்டிய இடமே நிரம்பியிருக்கும்போது நீர் எங்கே வடியும்?

இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: மேடு. கோடையிலேயே, ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்துக்கும் நான்கடி அகலத்துக்கும் குறையாமல் மேடு கட்டவும். கிறவல், ஆற்றுமணல், உடைந்த செங்கல் ஆகியவற்றோடு கொஞ்சம் மேல்மண் கலந்தால் போதும். மேட்டின் ஓரத்தைக் கல் அடுக்கி நிறுத்தாவிட்டால் முதல் பெருமழையே கரைத்துவிடும். நடும்போது, முன்பு மண்ணில் இருந்த அதே ஆழத்துக்கு மட்டும் நடவும். சாயாமல் நிற்கட்டும் என்று ஆழமாகப் புதைப்பதும் அடித்தண்டு அழுகுவதற்கு ஒரு காரணம். கூரை நீர் விழும் கோட்டிலிருந்து மேடு தள்ளியே இருக்கவேண்டும்.

2011 தை மாதத்து வெள்ளத்தைப்போல வளவு முழுவதும் நீர் நின்றுவிட்டால், நீர் வற்றிய பிறகு செடியைச் சுற்றிச் சிறு வாய்க்கால் வெட்டி வடியவிடவும். பசளையும் மருந்தும் அப்போது வேண்டாம். அடுத்த ஒரு மாதத்துக்குச் சில நாளுக்கு ஒருமுறை அடித்தண்டை அழுத்திப் பார்த்துவரவும்; வெள்ளத்தின் விளைவு தாமதித்தே வெளித்தெரியும்.

வளவு முழுவதும் தாழ்ந்து கிடந்து, மேடு கட்டியும் பயனில்லை என்றால், நிலத்தை மட்டம் உயர்த்துவதும் வடிகால் போடுவதும் ஒரு செடிக்காகச் செய்யும் வேலையல்ல. அதற்கு மேசன் ஒருவரின் கணிப்பு வேண்டும், பக்கத்து வளவுக்காரரின் சம்மதமும் வேண்டும், ஏனெனில் நீங்கள் வடியவிடும் தண்ணீர் அவருடைய முற்றத்துக்குத்தான் போகும். அந்த நிலையில் பெரிய சாடிக்கு மாறுவதே மலிவு.

அறிகுறி 4: இலையில் புள்ளிகளும் திட்டுகளும்

*வெயில் பார்த்த பக்கத்தில் மட்டும் வெளிறிய, காய்ந்த திட்டு, பரவவில்லை.* நிழல்வலைக்குள் வளர்ந்த கன்றை நேரே வெயிலில் வைத்ததால் வந்த வெயிற்சுடு. அந்த இலை தேறாது. புதிய இலை நன்றாக வரும். இனி வாங்குவதை இரண்டு வாரம் காலை வெயிலில் மட்டும் வைத்துப் பழக்கவும்.

*வட்டமான பழுப்புப் புள்ளி, சுற்றிலும் கருமையான அல்லது மஞ்சளான ஓரம், மழையில் கூடுகிறது.* பங்கசு. புள்ளியுள்ள இலைகளை வெட்டி எரிக்கவும், மேலிருந்து நீர் அடிப்பதை நிறுத்தவும், காற்றோட்டத்தை மறைக்கும் பக்கத்துச் செடிகளைக் கத்தரிக்கவும். பெரும்பாலும் இவ்வளவே போதும், மழை விட்டதும் தானாக அடங்கும். புதிய இலைகளுக்கும் ஏறினால் மட்டும் செம்பு கலந்த பங்கசுநாசினியை, லேபலில் உள்ள அளவில், மழையில்லாத நாளில் தெளிக்கவும்.

*வயலுக்கு அருகே உள்ள வளவு. ஒரே இரவில் பல செடிகளில் திட்டு.* யூக்காவோடு வேறு செடிகளும் சேர்ந்து கருகியிருந்தால் காற்றில் வந்த களைநாசினியாக இருக்கலாம். நல்ல தண்ணீரால் கழுவிவிட்டுப் பொறுத்திருக்கவும்.

அறிகுறி 5: இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, எறும்பு

வெண்மூட்டுப் பூச்சியோ செதிற்பூச்சியோ இருக்கிறது. இலையில் கறுப்புப் படிவும் தெரிந்தால் அது அவற்றின் கழிவில் வளரும் பூஞ்சணம். எறும்பைக் கண்டவுடன் எறும்புக்கு மருந்து போடுகிறார்கள். எறும்பு இருப்பது அந்தப் பூச்சிகள் சுரக்கும் இனிப்புக்காகத்தான். கொஞ்சமாக இருந்தால் பழைய பல்துலக்கியைச் சவர்க்கார நீரில் தோய்த்துத் தேய்த்து நீக்கவும். கூடுதலாக இருந்தால் ஒரு லீற்றர் நீருக்கு ஐந்து மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சில துளி திரவச் சவர்க்காரமும் கலந்து, மாலையில் இலையடிகளுக்குள் இறங்கும்படி தெளித்து, வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் தொடரவும். சலவைத்தூள் வேண்டாம், இலையைச் சுட்டுவிடும். மேலே எதுவும் தெரியாமல் சாடிச் செடி மட்டும் மெலிந்துகொண்டே போனால், சாடியிலிருந்து கழற்றி வேரைப் பார்க்கவும். வேரிலும் வெள்ளைப் பஞ்சு கட்டும். அப்படியானால் மண்ணை முழுவதும் உதறி, வேரைக் கழுவி, புதிய கலவையில் நடவேண்டும்.

அறிகுறி 6: இலை நீண்டு வெளிறித் தொங்குகிறது, தண்டு ஒரு பக்கம் சாய்கிறது

*சாடிச் செடி, வீட்டுக்குள் அல்லது விறாந்தையில்.* வெளிச்சம் போதவில்லை. படிப்படியாக வெளியே கொண்டுவரவும்.

*நிலத்தில் உள்ள இளஞ்செடி, பெருங்காற்றுக்குப் பிறகு சாய்ந்தது, அடி கடினம்.* நிமிர்த்தி, மூன்று பக்கமும் கயிறு கட்டி, ஒரு பருவம் விடவும். கயிறு தண்டை அறுக்காதபடி பழைய ரியூப் துண்டைச் சுற்றவும்.

*ஆள் உயரத்தைத் தாண்டிய பழைய மரம் சாய்கிறது.* ஜைஜான்டியா வகை முப்பதடிக்கும் உயரும். அடித்தண்டும் யானைக்கால் போலப் பருக்கும். அடியை அழுத்திப் பார்த்து, கடினமாக இருந்தால் தலையில் உள்ள கிளைகளில் சிலவற்றைக் குறைத்துப் பாரத்தைக் குறைக்கலாம். அடி மெத்தென்று இருந்தால் அதன் கீழே யாரையும் நிற்கவிடாமல், மரம் வெட்டுவதில் பழக்கமான ஒருவரை அழைக்கவும். யூக்காவின் தண்டில் நீர் நிறைந்திருப்பதால், பார்ப்பதற்குத் தோன்றுவதைவிடப் பாரம் கூடுதல். கிளையோ சாயும் திசையோ மின்கம்பியை நோக்கி இருந்தால் மரம் வெட்டுபவரையும் ஏற்றக்கூடாது. முதலில் பிரதேச மின் அலுவலகத்துக்கு அறிவித்து, அவர்கள் இணைப்பைத் துண்டித்த பிறகே வேலையைத் தொடங்கவேண்டும்.

அறிகுறி 7: பூக்கவில்லை, பூத்தும் காய்க்கவில்லை

பூக்காததற்குக் காரணம் பெரும்பாலும் வயது. ஜைஜான்டியா பூக்கப் பல ஆண்டுகள் எடுக்கும்; சாடியில் உள்ளது பூக்காமலே இருந்துவிடும். வளர்ந்த மரமும் பூக்காவிட்டால் நிழலையும் மாட்டெருவையும் குறைக்கவும். பூத்துக் காய்க்காமல் போவது நோயல்ல. யூக்காவின் பெரும்பாலான வகைகளுக்கு மகரந்தம் சேர்ப்பது அதன் சொந்த நாட்டில் உள்ள ஒருவகை அந்துப்பூச்சி; அது இங்கே இல்லை. காய் வேண்டுமென்று மருந்தோ ஊக்கியோ வாங்கவேண்டாம். பூங்கதிர் காய்ந்ததும் அடியோடு வெட்டிவிட்டால் அதன் கீழிருந்து பெரும்பாலும் இரண்டு தலைகள் துளிர்க்கும். மாரி தொடங்கிவிட்டிருந்தால் அந்த வெட்டையும் சாய்வாகவே போடவும்.